மருந்துக்கு வழி சொல்வது யார்?

கம்பவுண்டர் என்பவன் டாக்டரின் கையெழுத்துக்கும் நோயாளியின் நாக்குக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பிறவி. சீட்டில் எழுதியதைக் கலக்கிக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் எல்லோரும் இந்தத் தொழிலுக்கு வருகிறோம். வந்த பிறகுதான் தெரிகிறது, மருந்தைக் கலக்குவது சுலபம், கலக்கிக் கொடுத்த மருந்துக்குப் பதில் சொல்வதுதான் பெரும்பாடு. மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உள்பக்கம் என்றைக்காவது நீங்கள் நின்றிருந்தால் இதைப் படித்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுவீர்கள். வெளிப்பக்கம் மட்டுமே நின்றவர்கள் என்றால், உங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

யுத்தம் ஆரம்பித்த காலம். தருமபுரியில் சந்தைக்குப் போகிற தெருவில் டாக்டர் வேதமூர்த்தியிடம் நான் கம்பவுண்டர். பட்டணத்தில் படித்தவர், தங்கமான மனுஷர். சீமைப் பத்திரிகைகளைத் தபாலில் வரவழைத்து, சாப்பாட்டு நேரத்திலும் படித்துக்கொண்டிருப்பார். அவரிடம் ஒரே ஒரு தொந்தரவு. மற்ற டாக்டர்கள் மருந்து கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இவர், அந்த மருந்து உள்ளே போய் எப்படி வேலை செய்கிறது என்று நோயாளிக்குப் புரியவும் வைத்தாக வேண்டும் என்பார். புரியாமல் ஒருவரையும் வெளியே விடமாட்டார்.

என்னுடைய தொந்தரவு வேறு. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பொம்மிடியில் இருந்த அம்மா என் ஜாதகத்தை ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தாள். "பையன் டாக்டருங்களா?" என்று கேட்பார்கள். "டாக்டருக்குப் பக்கத்துலயே நிக்கறானுங்க" என்பாள் அம்மா. ஜாதகம் திரும்பி வந்துவிடும்.

இந்த நிலையில்தான் அதியமான்கோட்டை முத்துசாமி, மூச்சு இழுப்பு நோய்க்காக எங்களிடம் வர ஆரம்பித்தார். சின்ன வயதிலேயே கல்யாணமாகி, நாற்பது முடிவதற்குள் கல்யாண வயதில் ஒரு மகளை வைத்திருந்தவர். ஒருநாள் அந்த மகளும் துணைக்கு வந்தாள். பெயர் பாக்கியம். கையில் கழுவிக் காயவைத்த விளக்கெண்ணெய் பாட்டில். டாக்டர் பரிசோதித்து முடித்து, "ஏதாவது கேக்கணுமா?" என்று வழக்கம்போலக் கேட்டார். வழக்கமாக ஒருவரும் எதுவும் கேட்பதில்லை, அவராகவே சொல்லிவிடுவார். அன்றைக்கு அந்தப் பெண் கேட்டாள். "மருந்து வயித்துக்குத்தானுங்களே போவுது? எங்கப்பாவுக்கு நோவு நெஞ்சுல. நெஞ்சுக்கு வழி இதுன்னு மருந்துக்கு யாருங்க சொல்றது?"

டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். நான் அளவுக் குவளையைக் கீழே போட்டேன். இவளைத்தான் கல்யாணம் செய்துகொள்வது என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். அடுத்த தடவையிலிருந்து முத்துசாமியை "மாமா" என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவர் திரும்பிப் பின்னால் பார்த்து, "யாருங்க மாமா?" என்பார்.

திண்டுக்கல் பூட்டு

பாக்கியம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதற்காக டாக்டர் ஒரு திண்டுக்கல் பூட்டு வாங்கினார். ஒரு வளையம் நிறையச் சாவிகளும் சேர்த்தார். அன்று முதல் ஸ்டெதஸ்கோப்புக்கு முன்னால் பூட்டுத்தான் வெளியே வரும். "மருந்துக்கு யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை. அது ரத்தத்தோடு உடம்பு முழுக்கச் சுத்தும். உடம்புக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பூட்டுகள் இருக்கு. எந்த இடத்துலே தனக்குச் சரியான பூட்டு இருக்கோ, அங்கேதான் மருந்து உட்காரும். பூட்டு இல்லாத இடத்துலே சும்மா கடந்து போயிடும்" என்று சாவி வளையத்தைச் சுழற்றிக் காட்டுவார். சில சாவி நுழைந்து திறக்கும். சில சாவி நுழையும், ஆனால் திரும்பாது, வேறு சாவியையும் உள்ளே விடாது. அதுவும் மருந்துதான், அடைத்து வைக்கிற மருந்து. இதையெல்லாம் காய்ச்சலில் நடுங்குகிறவனுக்கும் சொல்வார்.

ஒரு நாள் வத்தல்மலையிலிருந்து ஒரு விவசாயி இறங்கி வந்திருந்தார். தினை, சாமை விளைவிக்கிறவர். இருமல் வந்து பல நாளாகியும் போகவில்லை. டாக்டர் பூட்டை எடுத்து முழுப் பாடத்தையும் நடத்தினார். அவர் கைகட்டிப் பொறுமையாகக் கேட்டார். பூட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் கவலை வந்துவிட்டது. பிறகு பூட்டை மெதுவாக மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்க மலையில ஒரு வூட்டுக்கும் பூட்டு கெடையாதுங்களே அய்யா. அப்ப எங்களுக்கு மருந்து புடிக்காதுங்களா?"

பத்தியம்

எங்கள் பக்கத்து ஜனங்களுக்குப் பத்தியம் இல்லாத மருந்து மருந்தே இல்லை. நாட்டு வைத்தியர் ஒரு சூரணம் கொடுத்தால், புளி கூடாது, கொள்ளு கூடாது, கத்தரிக்காய்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று நாலு சொல்லித்தான் அனுப்புவார். எங்கள் டாக்டரோ, "எதை வேணும்னாலும் சாப்பிடு. கத்தரிக்காய்க்கு அந்தப் பூட்டுலே வேலை இல்லை" என்பார். கேட்டவர்கள் வெளியே வந்து, "தின்னக் கூடாதுன்னு ஒண்ணுமே சொல்லலையே, வெறுந் தண்ணியா இருக்குமோ" என்று பாட்டிலைச் சாக்கடையில் ஊற்றிவிட்டுப் போனார்கள். சாக்கடை நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது.

ஆகவே ஜன்னலில் நின்றுகொண்டு நானே பத்தியம் சொல்ல ஆரம்பித்தேன். ஆளைப் பார்த்து மனதில் பட்டதைச் சொல்வேன். ஒருவருக்கு அவரைக்காய், ஒருவருக்குக் கருவாடு. மருந்து மளமளவென்று வேலை செய்தது. டாக்டர் பூட்டைத் தடவிக்கொண்டு, "பார்த்தியா, புரிய வைச்சா நோய் போகுது" என்று பூரித்துப் போனார். நான் அடக்கமாகத் தலையாட்டினேன். என் பத்தியத்தின் புகழ் ஏரியூர் வரைக்கும் போய்விட்டது. ஏரியூரிலிருந்து ஓர் அம்மாள் வண்டி கட்டிக்கொண்டு வந்து, டாக்டர் அறையை எட்டிக்கூடப் பார்க்காமல் நேரே என் ஜன்னலுக்கு வந்தார். இடுப்பில் சொருகியிருந்த முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மருந்தெல்லாம் வேணாங்க. எங்க வூட்டுக்காரருக்குப் பத்தியம் மட்டும் ஒண்ணு கடுசாச் சொல்லி உடுங்க. அதுல சீட்டாட்டம் ஆவாதுன்னு ஒரு வார்த்த சேத்துக்குங்க."

நானே பாட்டில்

யுத்தத்தில் பாட்டிலுக்குப் பஞ்சம் வந்தது. நோயாளிகள் சொந்தப் பாட்டில் கொண்டுவர வேண்டும் என்று பலகை எழுதி மாட்டினோம். மண்ணெண்ணெய் பாட்டில், தேன் பாட்டில், மாட்டுக்கு மருந்து ஊற்றுகிற மூங்கில் குழாய் என்று எது எதுவோ வந்தது. அதில் ஒருவர் வெறுங்கையோடு வந்தார். செரிமானத்துக்கு ஓம வாசனை வருகிற ஒரு மிக்சர் எழுதியிருந்தது, வேளைக்கு ஒரு அளவு. "பாட்டில் எங்கே?" என்று கேட்டேன். நெஞ்சைத் தட்டிக் காட்டினார். டாக்டர் அறையிலிருந்து எழுந்து வந்து, பூட்டெல்லாம் நிரம்பிய பிறகு மேற்கொண்டு ஊற்றுகிற மருந்துக்கு உட்கார இடம் இருக்காது, வீணாக வெளியே போய்விடும், ஒரு கதவுக்கு ஒரு சாவி போதும் என்று விளக்கினார். வந்தவர் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, அண்ணாந்து வாயைத் திறந்துகொண்டு நின்றார். திறந்த வாயை ஒரு கணம் மூடி அவர் சொன்னது: "நீங்க மொத்தமா ஊத்திடுங்க. உள்ளேர்ந்து நானு வேளா வேளைக்கு எடுத்துக்கறேன்."

வாய்க்குப் போட்ட பூட்டு

பக்கத்துக் கிராமம் ஒன்றில் தமுக்கு அடித்துச் சேதி சொல்கிற மாரன் என்பவர், வயிற்றை முறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். டாக்டர் பெல்லடோனா சேர்த்து ஒரு மிக்சர் எழுதினார். அது அடைத்து வைக்கிற ஜாதி. குடலில் இருக்கிற பூட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, முறுக்குவதற்கு வருகிற சாவியை உள்ளே விடாது. முறுக்கல் நின்றுவிடும். எல்லாம் சரி, ஆனால் அதே பூட்டு எச்சில் ஊறுகிற இடத்திலும் இருக்கிறது. மருந்துக்கு வயிறு என்றும் வாய் என்றும் பேதம் தெரியாது. பூட்டைக் கண்டால் உட்கார்ந்துவிடும்.

மாரனுக்கு வயிற்று வலி போன இடம் தெரியவில்லை. சந்தோஷமாகத் தமுக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். இந்த வாரம் மாட்டுச் சந்தை கிடையாது என்று அறிவிக்க வேண்டும். தமுக்கு முழங்கியது, ஊர் கூடியது, மாரன் வாயைத் திறந்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. தண்ணீர் குடித்தும் பிரயோஜனமில்லை. கடமை தவறாத மனுஷர், சேதியைக் கையாலேயே சொன்னார். ஒரு மாட்டின் முதுகைத் தட்டிக் காட்டினார், இரண்டு கைகளையும் விரித்து ஆட்டினார், வடக்கே சந்தை இருக்கும் திசையைக் காட்டித் தலையை இடமும் வலமும் அசைத்தார். ஊருக்குப் புரிந்துவிட்டது. வடக்கேயிருந்து கோமாரி வருகிறது, மாடெல்லாம் சாகப் போகிறது! அரை நாழிகைக்குள் அத்தனை மாடுகளும் தெற்கே கரட்டு மேட்டுக்குப் பின்னால் போய்விட்டன. பால் கறக்க ஒரு மாடு ஊரில் இல்லை. மணியக்காரர் காப்பியில்லாமல் மாரனைத் தேடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மாரன் எங்களிடம் வந்து நின்றார். டாக்டர் மனம் நொந்து, அளவைக் குறைத்து எழுதினார். மாரன் கோபித்துக்கொள்ளவில்லை. மேஜைமேல் இருந்த பூட்டைச் சுட்டிக் காட்டிவிட்டுச் சொன்னார்: "வயித்துக்குப் பூட்டுப் போட்டது நல்லதுதானுங்க. வாயிக்கும் சேத்துப் போடறதா இருந்தா முன்னாலயே சொல்லிடுங்க, அன்னிக்கி நானு வேலைக்கிப் போவல."

மாமா தூங்கவில்லை

முத்துசாமி மாமாவின் இழுப்புக்குப் புதிதாக வந்திருந்த எபிட்ரின் மாத்திரையை டாக்டர் எழுதினார். மூச்சுக்குழாய்ப் பூட்டைத் திறக்கிற சாவி. இது என் எதிர்கால மாமனார் விஷயமாயிற்றே, மாத்திரையை நானே அதியமான்கோட்டைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாக்கியம் வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். "இந்த மாத்திரைக்கு நெஞ்சுக்கு வழி தெரியுமுங்களா?" என்று சிரித்தாள். எனக்கு வந்த வழி மறந்துவிட்டது.

அந்தச் சாவிக்கு நெஞ்சுக்குப் போகிற வழி மட்டுமா தெரிந்திருந்தது? இதயத்துக்கும் தெரியும், மூளைக்கும் தெரியும். போகிற இடமெல்லாம் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டே போயிற்று. மாமாவுக்கு மூச்சு சுகமாக வந்தது, தூக்கம் அடியோடு போயிற்று. பொழுது சாயும்போது ஒரு மாத்திரை போட்டுக்கொண்டவர், விடிவதற்குள் கலப்பையைச் செப்பனிட்டு, எருக்குழியைக் கிளறி, தூங்குகிறவர்களையெல்லாம் எழுப்பி உட்காரவைத்து, தன் பங்காளிச் சண்டையை ஆதியிலிருந்து சொல்லி முடித்தாராம். மாடுகள்கூட அவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டன என்று கேள்வி. சில நாளில் மாமாவின் சம்சாரம், கண்கள் சிவக்க, மீதி மாத்திரைகளோடு என் ஜன்னலுக்கு வந்துவிட்டார்.

டாக்டர் வேளையை மாற்றி, காலையில் மட்டும் போடச் சொன்னார். அதன் பிறகு எல்லாம் ஒழுங்காயிற்று. இழுப்பும் அடங்கி, வீடும் தூங்க ஆரம்பித்து, கம்பவுண்டர் தம்பி நல்ல மாதிரி என்று ஒரு பேச்சும் அந்த வீட்டில் எழுந்ததாகக் கேட்டு நான் வானத்தில் பறந்தேன். ஆனால் அன்று அந்த அம்மாள் ஜன்னலில் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை: "அவருக்கு மூச்சு வந்துருச்சுங்க. எங்களுக்குத்தான் போயிருச்சு."

பெண் பார்க்கப் போனவன்

டாக்டரின் கையெழுத்தைப் படித்துப் படித்து எனக்குத் தலைவலி வந்தது. கையெழுத்தை மாற்றிக்கொள்வதற்குப் பதிலாக, எனக்குக் கண்ணாடி போட்டுவிடலாம் என்று டாக்டர் தீர்மானித்தார். கண்ணைப் பரிசோதிக்க இரண்டு கண்ணிலும் அட்ரோபின் சொட்டு விட்டார். அதுவும் அடைத்து வைக்கிற சாவிதான். கண் பாப்பாவைச் சுருக்குகிற பூட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கண் பாப்பா அகல விரிந்துவிடும். தூரத்தில் இருக்கிறது தெளிவாகத் தெரியும், கிட்டத்தில் இருக்கிறது எல்லாம் ஒரே மூட்டம். வெயிலைப் பார்த்தால் கண்ணீர் கொட்டும்.

சொட்டு விட்ட அன்று சாயங்காலமே அம்மாவும் தாய்மாமனும் பொம்மிடியிலிருந்து வந்து இறங்கினார்கள். அதியமான்கோட்டையிலிருந்து ஆள் வந்திருக்கிறது, நாளைக்கு நல்ல நாள், பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டார்கள்! டாக்டரிடம் ஓடினேன். "இதை எடுத்துடுங்க சார்." டாக்டர் கையைப் பிசைந்தார். "சாவி பூட்டுக்குள்ளே ஒடிஞ்சு நிக்கிற மாதிரிப்பா. அதுவா விழுந்தால்தான் உண்டு. ஒரு வாரம்கூட ஆகலாம்" என்றார். உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று நான் நினைத்தேன். அம்மா ஒரே அதட்டாக அதட்டிவிட்டாள். "கண்ணு கோளாறுன்னு தெரிஞ்சா பொண்ணு குடுப்பாங்களா? அங்க போயி வாயத் தொறந்தே, பாத்துக்க!" வாயைத் திறந்தாலும் பிரயோஜனமில்லை. சொட்டு தொண்டைக்கும் இறங்கி நாக்கு வறண்டு கிடந்தது.

மறுநாள் போய் உட்கார்ந்தோம். பாக்கியம் பானகம் கொண்டுவந்து என் எதிரே நின்றாள். நின்றாள் என்றுதான் சொன்னார்கள். எனக்குப் பச்சையாக ஒரு மூட்டம் தெரிந்தது, அதன் மேல் கருப்பாக இன்னொரு மூட்டம். டம்ளர் என்று நினைத்து, பக்கத்தில் நின்ற அவள் அத்தையின் மூக்குத்தியைப் பிடிக்கப் போனேன். இத்தனை மாதம் ஏங்கியவன், இன்றைக்குப் பார்க்காமல் போவதா? எழுந்து இரண்டடி பின்னால் போனேன். கொஞ்சம் தெளிந்தது. இன்னும் பின்னால் போனேன், இன்னும் தெளிந்தது. நிலைப்படியைத் தாண்டினேன், வாசலைத் தாண்டினேன், மாட்டுக் கொட்டகை ஓரம் போய் நின்றபோது, உள்ளே தலைகுனிந்து நிற்கிற பாக்கியம் புருவம் முதல் பொட்டு வரை பளிச்சென்று தெரிந்தாள். என்ன அழகு! அதற்குள் உச்சி வெயில் கண்ணில் இறங்கி, தாரை தாரையாகக் கண்ணீர் வழிய ஆரம்பித்தது.

முத்துசாமி மாமா ஓடிவந்து என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார். என் கண்களைப் பார்த்தார். கண்ணில் வெள்ளைக்கும் கருப்புக்கும் நடுவே வேறெதற்கும் இடமில்லை. ஊமத்தங்காய் தின்றவன் எப்படி இருப்பான் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கண் விரிந்திருக்கும், வாய் உலர்ந்திருக்கும், பேச்சு வராது. எல்லா லட்சணமும் எனக்குப் பொருந்தியிருந்தது. அம்மா அழுதாள், தாய்மாமன் வண்டியில் ஏறிக்கொண்டார். மாமா வாசலில் நின்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார்: "ஊமத்தங்காயத் தின்னுட்டுப் பொண்ணு பாக்க வந்தவன மன்னிச்சாலும் மன்னிப்பனுங்க. எம் பொண்ணப் பாத்துட்டு அழுவுறானே, அத எப்படிங்க மன்னிக்கறது?"

பின்னால் போகாதவள்

எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு சொட்டால் என் வாழ்க்கையே போய்விட்டது என்று மருந்து அலமாரியில் தலையை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டருக்கும் பொறுக்கவில்லை. மறுநாள் காலையிலேயே ஜட்கா பிடித்து, என்னையும் ஏற்றிக்கொண்டு அதியமான்கோட்டைக்குப் புறப்பட்டார். மாமா எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. டாக்டர் அவர் வீட்டு வாசலில் நின்றபடியே பாடத்தை நடத்தினார். கண், பூட்டு, சாவி, அடைப்பு, எல்லாம். மாமா ஒன்றையும் நம்பவில்லை. "ஒரே ஒரு சொட்டுல மனுசங் கண்ணு அப்படி ஆவுமா? எங்க, எனக்கு ஊத்துங்க பாக்கலாம்!" என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

டாக்டர் இப்படி ஒரு மாணவனுக்காகத்தான் ஆயுசு முழுக்கக் காத்திருந்தார். மூடிய இமைமேல் விரலை வைத்து மெல்ல அமுக்கிப் பார்த்து, இந்தக் கண் தாங்கும் என்று திருப்தியான பிறகு, இரண்டு கண்ணிலும் சொட்டு விட்டார். காத்திருந்தோம். மாமா நடுநடுவே, "ஒண்ணும் ஆவலியே, ஒண்ணும் ஆவலியே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நேரம் போகப் போக அந்தக் குரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சன்னமாயிற்று. தன் உள்ளங்கையைப் பார்த்தார். கையை நீட்டி வைத்துப் பார்த்தார். "பாக்கியம், குடிக்க மோரு கொண்டா" என்றார்.

பாக்கியம் டம்ளரோடு வாசலுக்கு வந்தாள். மாமா கையை நீட்டிக் காற்றைப் பிடித்தார். "எம் பொண்ணு மூஞ்சியே எனக்குத் தெரியலியே!" என்று அலறிக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். தெளிந்தது போலிருக்கிறது, இன்னும் இரண்டடி போனார். மாட்டுக் கொட்டகை வரை போய், கறவை மாட்டின் மேல் முட்டிக்கொண்டு நின்றார். நான் முன்பே அவள் முகம் தெரிவதற்காக வேலியோரம் ஒதுங்கி நின்றிருந்தேன். வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள், என்ன நடக்கிறதோ என்று அவர்களும் பயந்து பின்னால் போனார்கள். வாசல் நடுவில் பாக்கியம் மட்டும் டம்ளரை நீட்டியபடி தனியாக நின்றாள். ஒரு பெண்ணைப் பார்த்து இத்தனை பேர் பின்வாங்கினால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? நேற்று மாப்பிள்ளை போனான், இன்றைக்கு அப்பாவும் போகிறார். அவள் முகம் சிவந்ததை வேலியோரத்திலிருந்து நன்றாகப் பார்த்தேன். அவள் தலையை நிமிர்த்தி, எங்கள் எல்லோரையும் சுற்றிப் பார்த்து, "ஆளாளுக்குப் பின்னாலயே போயிட்டிருந்தா எப்படிங்க? யாராச்சும் ஒருத்தரு முன்னால வாங்க, கை வலிக்குது" என்றாள்.

நான் முன்னால் போனேன். ஒவ்வோர் அடிக்கும் அவள் கலைந்துகொண்டே வந்தாள். முதலில் பொட்டுப் போயிற்று, பிறகு புருவம், பிறகு முகமே போயிற்று. எதிரே மறுபடியும் வெறும் மூட்டம்தான். தடவித் தடவி டம்ளரைப் பிடித்தேன். அதோடு சேர்த்து அவள் விரலையும் பிடித்துவிட்டேன். அவள் விரலை இழுத்துக்கொள்ளவில்லை. சிரித்தாளா, கோபித்தாளா, எனக்குத் தெரியாது, கண்ணில் மருந்து. ஆனால் கொட்டகை ஓரத்தில் நின்ற மாமாவுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. மாட்டைப் பிடித்துக்கொண்டு கழுத்தை நீட்டிப் பார்த்தார். பிறகு, வழிகிற கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "இங்கேர்ந்து பாத்தா ரெண்டும் நல்லாத்தானுங்க தெரியுது."

தலை நரைக்கும் வரை கம்பவுண்டராக இருந்து நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: மருந்து வேலை செய்வது ஒருத்தர் உடம்புக்குள்ளே, அதை அனுபவிப்பது ஊரில் இருக்கிற அத்தனை பேரும்.